முப்பது விநாடிக் கண்ணீர்

"கண்ணீரே வரலியே அக்கா! வெங்காயம் உரிக்கிற மாதிரி முகத்தைச் சுளிக்கிறீங்க," என்றான் டைரக்டர் தாலாய்.

ஜிபார்குல் சிரித்துவிட்டாள். "மாடு கறக்கிறவளைப் பிடிச்சு நடின்னா எப்படித் தம்பி? பிஷ்கெக் பட்டணத்துல நடிகைங்களுக்கா பஞ்சம்?"

நாரின் மலைச்சரிவில் அவள் வீடு. வெளியே பனி, கூடத்தில் படப்பிடிப்பு விளக்குகளின் சூடு. எடுக்க வேண்டிய காட்சி இதுதான்: ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போன மகன் இறந்த செய்தி ஒரு தாய்க்கு வருகிறது. உடனே, 'நம் பிள்ளைகள் நம் மண்ணிலேயே' என்றபடி வேட்பாளர் இஸ்கெந்தர் திரையில் தோன்றுவார். முப்பது விநாடித் தேர்தல் விளம்பரம்.

"போன தடவை ஃபேக்டரி, சம்பளம்னு கணக்கு காட்டினோம். ஜனங்க சானலை மாத்திட்டாங்க. இந்தத் தடவை ஒரு அம்மாவோட முகம், அவ்வளவுதான். ஓட்டை மாத்திப் போடுவாங்க பாருங்க," என்றான் தாலாய்.

"நிஜமாவே ஃபேக்டரி வருமா தம்பி? என் உலான் மாஸ்கோவுல கட்டடச் சாரத்துல தொங்கிக்கிட்டு இருக்கான். இங்கேயே வேலைன்னா ஓடி வந்துடுவான். அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

தாலாய் மானிட்டரைத் துடைத்தான். "வந்துடுவான் அக்கா. சீக்கிரமே வந்துடுவான்."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்!" அவள் சார்ஜில் கிடந்த போனை எட்டிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமைன்னா தவறாம கூப்பிடுவான். நேத்து கூப்பிடல. போனை மட்டும் அணைக்கச் சொல்லாதே."

"சரி. இப்ப அந்த போன் அடிக்குது, எடுக்கிறீங்க, சாவுச் செய்தி..."

"ஐயே! சாவை யாராவது போன்ல சொல்வாங்களா? பட்டணம் போனதும் எல்லாம் மறந்துடுச்சா? ஊர்ப் பெரியவங்க கூட்டமா வருவாங்க. உட்கார்ந்து ஆடு, பனி, பாதைன்னு எதையாவது பேசி, பெத்தவ மனசைப் பக்குவப்படுத்திட்டு அப்புறம்தான் சொல்வாங்க."

"அப்ப அப்படியே எடுப்போம். நீங்க டீ ஊத்திக்கிட்டு இருங்க. கதவு திறந்ததும் நிமிர்ந்து பாருங்க, போதும்."

"என் பையன் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். உயிரோட இருக்கிறவனுக்கு ஆகாது."

"பேரே வேணாம் அக்கா."

கேமராமேன் எமில் லென்சைச் சரிசெய்தான். ஜிபார்குல் கிண்ணங்களை அடுக்கினாள். "பால் வாங்க வர்ற பக்கத்து வீட்டுக்காரியைக்கூட இன்னிக்குக் காணோம். உங்க கேமராவைப் பார்த்து மிரண்டுட்டா போல."

கதவு திறந்தது.

முன்னால் ஊர் முல்லா. பின்னால் நாலைந்து பெரியவர்கள். கடைசியில், தரையைப் பார்த்தபடி பக்கத்து வீட்டுக்காரி. விளக்குகளைக் கண்டு முல்லா ஒரு கணம் திகைத்து நின்றார்.

"அட, முல்லாவையே நடிக்க வெச்சுட்டீங்களே!" ஜிபார்குல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முல்லா மெதுவாக உட்கார்ந்தார். "பாதையெல்லாம் பனி, ஜிபார்குல்..." குரல் கரகரத்தது.

சிரிப்பு மாறாமலே அவள் அவருக்கு டீ ஊற்றினாள்.

எமில் தாலாயின் காதருகே குனிந்தான். "பிரமாதமா நடிக்கிறாங்களே! இவங்களை எப்ப சார் கூப்பிட்டீங்க?"

தாலாய் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் கூப்பிடல. அவ பையனோட சவப்பெட்டி பிளேன்ல ஏறிடுச்சுன்னு நேத்தே நம்ம வேட்பாளர் ஆபீசுக்குத் தகவல் வந்துடுச்சு. பெரியவங்க இன்னிக்கு வருவாங்கன்னுதான் இந்த வீட்டையே பிடிச்சேன். நீ அவ முகத்துக்கு க்ளோசப் போ."