ஐம்பதாவது கையெழுத்து

இல்லினாய் மாநிலத்தின் அந்தச் சோளக்காட்டு ஊரில், நூலக அறங்காவலர் நாற்காலிக்குத் தேர்தலில் நிற்க விலை ஐம்பது கையெழுத்து. சம்பளமாக ஒரு சென்ட்கூடக் கிடையாது.

மேவிஸ் கதவைத் திறந்தார். ஊருக்குப் புதிதாகக் குடிவந்த டெரிக் மூச்சிரைக்க நின்றான்.

"ஒரே ஒரு கையெழுத்து மேடம்! எதிர்வீட்டுக்காரர் போட்டது செல்லாதாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற நூலக வட்டாரமாம். அஞ்சு மணிக்குள்ள வேட்புமனுவைக் குடுக்கணும்."

"சும்மா கிடைக்குமா? ஜெயிச்சா என்ன செய்வே, அதைச் சொல்லு."

"ஞாயித்துக்கிழமையும் நூலகத்தைத் திறப்பேன். ஆலை வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களோட வேற எப்ப வருவாங்க?"

"இப்ப இருக்கறவங்க திறக்கலியா?"

"அந்த லிண்ட்ஸ்ட்ராம் அம்மாவா? பதினாறு வருஷமா நாற்காலியில பசை போட்டு உக்காந்திருக்காங்க!"

மேவிஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "பேனாவைக் குடு."

கையெழுத்தைப் படித்த டெரிக்கின் முகம் வெளுத்தது. மேவிஸ் லிண்ட்ஸ்ட்ராம்.

"நீங்களா? உங்களை எதிர்த்து நிக்கறவனுக்கா போட்டீங்க?"

"நாலு தேர்தலா என்னை எதிர்த்து ஒரு ஆள் நிக்கல தம்பி. தோக்காதவள்னு பேர் இருக்கு. ஜெயிச்சவள்னு ஒருத்தரும் சொன்னதில்ல. ஓடு, ஆபீஸை மூடிடப் போறாங்க! ஓட்டுப்பெட்டியில உன்னைப் பாத்துக்கறேன்."

அவன் ஓடினான். மேவிஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலிலேயே கணக்குப் போட்டார். செலவு ஒரு கையெழுத்து. வரவு ஓர் எதிராளி. வெற்றி மட்டும் பாக்கி.