உறைந்த கால்வாயில் இரண்டு மைல்

கால்வாய் மெல்லிய பனிக்கட்டியாய் உறைந்திருந்த காலையில் நாய் மிளகிக்குப் பிரசவ வலி கண்டது. இரண்டு மணி நேரமாகியும் குட்டி வரவில்லை. கனகேந்திரனும் மனைவி கௌசலாதேவியும் வீடாக்கிக்கொண்ட ஒடுங்கிய நீளப் படகு நின்ற இடத்துக்குச் சாலை கிடையாது. மிருக வைத்தியரின் வீடு இரண்டு மைல் தள்ளி, கால்வாய்க் கரையிலேயே இருந்தது. பத்து வருஷமாகச் சுக்கான் பிடித்துவந்த கனகேந்திரனின் வலக்கை மாவுக்கட்டில் கிடந்தது.

"நான் கொண்டுபோறன்," என்றாள் கௌசலாதேவி.

"உமக்கு ஏலாது. பனி கரையட்டும், பாப்பம்."

"அதுக்கிடையில இவள் செத்துப்போவாள். நீங்கள் உள்ள போய் இவளைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

படகை இடப்பக்கம் திருப்பச் சுக்கானை வலப்பக்கம் தள்ள வேண்டும். அது அவள் கைக்கு உடனே பிடிபடவில்லை. படகு ஒருமுறை நாணலுக்குள் புகுந்தது. பின்னுக்கு இழுத்து நேராக்கினாள். பனி அப்பளம்போல் நொறுங்கிப் படகின் இரும்பில் உரசியது. மற்ற நாய் கறுவல் படகின் மூக்கில் ஏறி நின்று, உடைகிற ஒவ்வொரு கட்டியையும் பார்த்துக் குரைத்தது. கல்பாலத்தின் குறுகிய வளைவுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தாள். எங்கும் முட்டாமல் வெளியே வந்தாள். உள்ளேயிருந்து ஓயாமல் கேட்ட கனகேந்திரனின் "மெல்ல, மெல்ல" அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வைத்தியர் மூன்று குட்டிகளை உயிரோடு எடுத்தார். மிளகியும் பிழைத்தது.

திரும்பும்போது அவள் உடைத்த பாதை இன்னும் கறுப்பாகத் திறந்தே கிடந்தது. கனகேந்திரன் வெளியே வந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"இனி ஒரு கையாலயே பிடிப்பன். தாரும்."

அவள் சுக்கானை விடவில்லை.

"குட்டியளுக்குக் குளிரும். உள்ள போய்க் கதவைச் சாத்துங்கோ," என்றாள்.