நகை அறையின் பூட்டு

"கொஞ்சம் இருங்க தம்பி, மூக்காயி வந்துட்டா. ரூமப் பூட்டிட்டு வந்துர்றேன்" என்று சீதாலட்சுமி எழுந்தார்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஹஸன் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மூக்காயியின் கண்ணெதிரே பெரிய அறை பூட்டப்பட்டது. சாவியை இடுப்பில் செருகிய சீதாலட்சுமி, கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

மருமகள் சுஜீதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நிவித்திகல கடைவீதியில் அவள் வாழ வந்த நாளிலிருந்து தினமும் இதே காட்சிதான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, வீட்டைக் கூட்டித் துடைத்துச் சமையலுக்கும் கைகொடுக்கிற ஒருத்திக்குக் கிடைக்கிற வரவேற்பு இது.

மூக்காயி நேரே சமையல் வேலைக்குக் குசினிக்குள் போனாள்.

ஹஸன் பேச்சை எடுத்தார். "வீட்டுச் சாமான் எல்லாம் போன வருஷம் மாதிரியே புதுப்பிச்சிரலாம். சுஜீதா தங்கச்சியோட கல்யாண நகைதான் புதுசு. அந்த நீலக்கல் பதக்கம் மாதிரி விலை கூடினத தனியாக் காட்டணும்."

"கல்லு நல்ல கல்லுதான் ஹஸன் நானா. விலைதான் மாமனார் சொன்னது" என்றான் சுஜீதாவின் கணவன் விஜேந்திரன்.

"அப்ப நீங்களே கொண்டு போய் விலை பாத்துட்டு வாங்க" என்றாள் சுஜீதா.

ஹஸன் சிரித்துவிட்டுக் கேட்டார். "வீட்டுக்குள்ள வேலைக்கு ஆள் வர்றாங்க. நகை இருக்கிற ரூம் பூட்டித்தான இருக்கும்? அம்மா பூட்டுறதக் கண்ணால பாத்துட்டேன். தங்கச்சி ரூம்?"

"நான் பூட்டுறதில்ல."

"பூட்டணுமே. பூட்ட உடைச்ச அடையாளம் இல்லாம நகை போனா கம்பெனி ஒன்னும் தராது. வேலைக்கு ஆள் வர்ற வீடுன்னா இன்னும் கரைச்சல்."

"மூக்காயி அக்கா இந்த வீட்டுக்கு வர்றது நேத்து இன்னிக்கு இல்ல. அவங்க மூஞ்சிக்கு முன்னால கதவச் சாத்த எனக்கு வெக்கமா இருக்கு."

விஜேந்திரன் கையை உதறினான். "அப்ப அவங்கள நிப்பாட்டிருவோம். துணி தோய்க்க மெசின் இருக்கு. கூட்டுறதுக்கு நீ இருக்கே."

"மெதுவாப் பேசுங்க. அங்க கேக்கும்." சுஜீதா குசினிப் பக்கம் பார்த்தாள். மூக்காயியின் மகள் கலைச்செல்வி இரத்தினபுரியில் நர்சிங் படிப்பது இந்தச் சம்பளத்தில்தான். "ஒரு பதக்கத்துக்காக அவங்க வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?"

"யாரும் யாரையும் நிப்பாட்ட வேணாம்" என்றார் சீதாலட்சுமி. "நாளைக்கே தச்சு வேலை பாஸை வரச் சொல்லி உன் ரூமுக்கும் ஒரு பூட்டுப் போட்டாச் சரி."

"நீங்க பூட்டுறதே போதும் அத்த. இந்தக் கடைவீதியில உங்கள என்னன்னு சொல்றாங்கன்னு தெரியுமா?"

"தெரியுமே. சாவிக்காரம்மா."

அத்தைக்கு அதில் சிரிப்பு வேறு. சுஜீதா சட்டென்று எழுந்து குசினிக்குப் போனாள்.

மூக்காயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

"மனசுல வச்சுக்காதீங்க அக்கா" என்றாள் சுஜீதா. "உங்கள நிப்பாட்ட விடமாட்டேன். என் நகைக்கு இன்சூரன்சே வேணாம்னு சொல்லிர்றேன். என் ரூம் எப்பவும் தொறந்துதான் இருக்கும். நான் உங்கள நம்புறேன்."

மூக்காயி கீரையைத் தள்ளி வைத்தாள்.

"வேணாம் சின்னம்மா. நம்பாதீங்க."

"என்னக்கா இது?"

"நான் முந்தி வேலை செஞ்ச வீட்டுலயும் உங்கள மாதிரி நல்லவங்கதான். எல்லா ரூமும் தொறந்தே கெடக்கும். மூக்காயி கை சுத்தம்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாங்க. ஒரு நாள் தோடு ஒன்னக் காணோம். அந்த ரூமுக்குள்ள போனது நான் மட்டுந்தான. பொலிசுல கொண்டுபோய் உக்கார வச்சுட்டாங்க."

"பிறகு?"

"தோடு அந்தம்மாவோட தலகாணி உறைக்குள்ளயே இருந்துச்சு. அழுதாங்க, மன்னிச்சுக்கன்னாங்க. என்ன செய்ய? பொலிசு கூட்டிட்டுப் போனத பாத்தவங்க எல்லாரும் தோடு கெடச்சதப் பாக்கலியே. லயத்த விட்டே நாங்க வேற தோட்டத்துக்குப் போனோம்."

சுஜீதா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதனாலதான் இந்த வீட்டுக்கு வந்த மொத நாளே பெரியம்மாகிட்ட சொன்னேன். நகை இருக்கிற ரூமு எனக்கு முன்னாலயே பூட்டியிருக்கணும், இல்லாட்டி வேற ஆள் பாத்துக்கங்கன்னு. அந்தக் கதைய மட்டும் வெளிய விட்டுறாதீங்கன்னு கும்பிட்டுக் கேட்டேன். மகன்கிட்டகூட சொல்லல போல."

ஹாலில் ஹஸன் கேட்பது காதில் விழுந்தது. "அப்ப நான் என்னன்னு போடட்டும்மா?"

"ரெண்டு ரூமும் பூட்டுறதுன்னு போடுங்க தம்பி" என்றது சீதாலட்சுமியின் குரல். "எனக்கு வேலக்காரங்கள நம்பிப் பழக்கமில்ல."