முப்பத்தேழு சீட்டுகள்

அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. குறிப்பெழுதப் போயிருந்த சித்தி, வீட்டுக்கு வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். சித்தி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். முடிந்தவரை கழித்திருக்கிறேன்.

எங்கள் ரயில் நிலையத்தை எல்லோரும் வந்து போகும் பொது இடமாக மாற்றப் போகிறார்கள். பூட்டிக் கிடந்த சரக்கு அறை வாசகசாலை ஆகிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஒரு கூடம், தாய்மார் பால் கொடுக்க ஓர் அறை. இதற்கெல்லாம் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஒன்றில்தான் இழுபறி. வாசகசாலைக்கு அமைதி வேண்டும். அதனால் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு, வண்டி விவரம் காட்டும் மின்பலகை வைக்கலாமா?

கருத்துக் கேட்டு நிலைய வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், ஆளுக்கு ஒரு சீட்டு.

கூட்டத்தில் அதைத் திறந்து எண்ணினால், பலகைக்கு ஐம்பத்திரண்டு. ஒலிபெருக்கிக்கு அறுபத்தொன்று.

இதற்கென்று அமைத்த ஊர்க்குழுவின் தலைவர் மருந்துக்கடைக்காரர். சீட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"டாக்டருங்க கிறுக்கலையே இருபது வருஷமா படிக்கிறவன் நான். என்கிட்டயேவா? இந்த முப்பத்தேழும் ஒரே கை!"

யாருடைய கை என்று யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நிலைய வாசல் கரும்பலகையில் தினமும் 'வண்டி தாமதம்' என்று எழுதுகிற அதே குண்டு எழுத்து. அறிவிப்பாளர் மைக் மாமாவுடையது.

மைக் மாமாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். வண்டி பெயரைச் சொல்வதோடு விடமாட்டார். "குடை வச்சிருக்கிற அக்கா, உங்க வண்டி அந்தப் பக்கம்! ஓடாதீங்க, நேரம் இருக்கு!" என்பார்.

தலைவர் இரண்டு சீட்டுகளை உரக்கப் படித்தார்.

"'பலகை அழகாத்தான் இருக்கும், ஆனா பேசாதே.' சரி. இது என்ன? 'போன மாசம் தப்பு வண்டி ஏறி அழுதுட்டேன். குரல் இருக்கட்டும்.'"

"மாமா, நீங்க எப்ப வண்டி மாறி ஏறி அழுதீங்க?" என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது.

மாமா எழுந்து நின்றார்.

"நான்தான் எழுதினேன்."

"முப்பத்தேழையுமா?" என்றார் தலைவர்.

"முப்பத்தேழையும்."

"மைக் போனா நாற்காலி போயிடும்னு பயமா? அதுக்காக இப்படியா?"

மாமா கடைசி வரிசையைப் பார்த்தாராம். அங்கே மூட்டை தூக்குகிறவர், காய்க்கூடை அம்மா, வீட்டு வேலைக்குப் போகிற நாலைந்து பெண்கள். மூட்டை தூக்குகிறவர் ஏதோ சொல்ல வந்து பாதி எழுந்தார். மாமா கையமர்த்தி, உட்காரச் சொல்லிவிட்டார்.

"என் கையெழுத்து கொஞ்சம் நல்லா இருக்கும். அதான்," என்றார்.

மறுபடியும் சிரிப்பு. கடைசி வரிசையிலும் ஒன்றிரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்களாம்.

தலைவர் முப்பத்தேழையும் ரப்பர் வளையத்தில் கட்டி, மேலே 'செல்லாது' என்று எழுதினார். பலகை ஜெயித்தது.

"நாணயமான மனுஷன்னு நெனச்சேன்," என்றாள் சித்தி. "மூஞ்சியில ஒரு வெட்கம் இல்லையே!"

"மூட்டை தூக்குறவர் எதுக்கு எழுந்தாரு?" என்று கேட்டேன்.

"அவருக்கும் இதுல கூட்டு இருக்கும். வேற என்ன?"

அம்மா தொட்டியடியில் நின்று பெருவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டும் ஏதோ ஊதாக் கறை போகவில்லை.

"என்னக்கா அது, பீட்ரூட்டா?"

"என்னவோ ஒண்ணு," என்ற அம்மா, திரும்பாமலே கேட்டாள். "அந்தச் சீட்டையெல்லாம் கிழிச்சுட்டாங்களா?"

"கிழிக்கல. கோப்புல இருக்கு. உனக்கெதுக்கு அது?"

அம்மா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

எனக்கு இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தது. ஒருவர் ஏமாற்றுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். தன் கையெழுத்தை ஊரே அறியும் என்று தெரிந்தும் அதே எழுத்தில் எழுதுவாரா? தப்பு வண்டி ஏறி அழுததாக ஒரு கதையைக் கட்டுவாரா?

மூன்றாம் நாள் நிலையத்துக்குப் போனேன். பயணச்சீட்டு கொடுக்கும் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மைக் மாமாவுக்கு வேலை போயிடுமா?"

"அவருக்கு அடுத்த மாசத்தோட பணி ஓய்வு. பலகை வர்றதுக்கே ஆறு மாசம் ஆகும். அவருக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம்?"

கோப்பைப் பார்க்கலாமா என்றேன். பொதுமக்கள் பார்க்கத்தானே வைத்திருக்கிறோம் என்று எடுத்துக் கொடுத்தாள்.

ரப்பர் வளையத்தைக் கழற்றி எண்ணினேன். முப்பத்தேழு சரியாக இருந்தது. எல்லாம் மாமாவின் எழுத்துதான். அதில் மருந்துக்கடைக்காரர் சொன்னது தவறில்லை.

அவர் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. இரண்டு முறை பார்த்தேன். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.