மோரியின் பின்னங்கால்

"வித்துத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நொண்டிக் குதிரைக்குப் புல்லு போட்டே நம்ம காலம் போயிடும்!"

குதிரை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் ஆஸ்டா. அவள் கணவர் ஹால்டோர், தன் குதிரை மோரியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

டாக்டர் ஸ்டேனுனுக்கு எரிச்சலாக வந்தது. குதிரைக் கால் எலும்புக்கு ஆபரேஷன் செய்வதுதான் அவள் வேலை. ஐஸ்லாந்தின் எந்த மூலையில் குதிரை நொண்டினாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். குதிரையை இப்படிக் கரித்துக்கொட்டுகிறவளை அவள் பார்த்ததே இல்லை.

"ஜெர்மனியில ஒருத்தர் கேக்கறார். அனுப்பிடலாம்," என்றாள் ஆஸ்டா.

"தீவை விட்டுப் போன குதிரையை மறுபடி உள்ளே விடமாட்டாங்கன்னு தெரிஞ்சே பேசறியா?" ஹால்டோர் டாக்டர் பக்கம் திரும்பினார். "ஸ்டேனுன், எலும்புன்னா ஆபரேஷன் பண்ணிடுங்க. செப்டம்பர்ல மலையிலேருந்து ஆட்டை ஓட்டி இறக்கணும். இவன் இல்லாம நான் போனதே இல்லை."

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. குளம்பும் சுத்தம். கயிற்றைப் பிடித்து ஓடவிட்டால் மோரி அழகாக ஓடியது. ஹால்டோர் ஏறி உட்கார்ந்தால் மட்டும் பின்னங்கால் இழுத்தது. கால் மரத்துப்போக ஊசி போட்டுப் பார்த்தாள். அப்போதும் இழுத்தது.

வலியே தெரியாத கால் எதற்கு நொண்டும்?

"இறங்குங்க, நான் ஏறிப் பார்க்கறேன்."

ஹால்டோர் சேணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றி இறங்கினார். ஸ்டேனுன் ஆஸ்டாவின் கையிலிருந்த காப்பிக் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஏறினாள்.

"ஐயோ, என் காப்பி!"

நொண்டாத ஐஸ்லாந்துக் குதிரை ஓடினால் மேலே இருப்பவருக்கு ஆட்டமே தெரியாது. மோரி முற்றத்தைச் சுற்றி ஓடி வந்தது. காப்பி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"ஹால்டோர், அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க."

"நானா? குதிரையைப் பார்க்கச் சொன்னா..."

"நடங்க!"

நடந்தார். ஸ்டேனுன் சிரித்துவிட்டாள்.

"நொண்டுறது நீங்க! உங்க இடுப்பு மூட்டுல ஏதோ கோளாறு. வலிக்காத பக்கமா சாஞ்சு உக்கார்றீங்க. உங்களைக் கீழே தள்ளாம இருக்க, அது பாவம் கோணிக்கிட்டு ஓடுது. மனுஷ டாக்டர்கிட்ட போங்க. அதுவரைக்கும் ஏறாதீங்க. ஏறினா அதோட காலும் கெட்டுடும்."

ஹால்டோர் முகம் சுருங்கிப்போயிற்று. "என்னாலயா இவனுக்குக் கஷ்டம்? நாளைக்கே போறேன்."

மோரியை வண்டியில் ஏற்ற அழைத்துப் போனார்.

ஸ்டேனுன் கோப்பையை நீட்டினாள். "இனிமேலாவது விக்கணும்னு சொல்லமாட்டீங்களே? ஜெர்மனிக்காரர்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

ஆஸ்டா கணவர் தூரம் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டாள்.

"அப்படி ஒருத்தரே கிடையாது. இடுப்பைக் காட்டுங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். தனக்குன்னா அசையமாட்டார். மோரிக்குன்னா பனிப்புயல்லயும் கிளம்பிடுவார். விக்கலாம்னதும் இங்கே ஓடிவந்துட்டார் பாருங்க."

"அப்போ குதிரைமேல குத்தமில்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஆஸ்டா ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"அவர் கொட்டில்ல வேலையா இருந்தப்ப நானும் ஏறிப் பார்த்தேனே. எனக்கும் சிந்தலை."