நான்காவது வரி

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வராமல் இருந்துவிடேன் என்று அமலி மனதுக்குள் கெஞ்சினாள்.

கல்லூரியில் நெட்வொர்க்கிங் படிக்கும் அவளுக்கும் தோழி புவனாவுக்கும் ஒரே பயிற்சி. வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிட்டு, தெரியாததை நீக்கி, பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அதற்காகவே புவனா வில்லியனூரிலிருந்து அமலியின் வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஆறேகாலுக்குப் பட்டியலில் ஒரு வரி கூடியது.

"உன் போனு, உங்கம்மா போனு, என் லேப்டாப்பு. நாலாவது இன்னாடி? பக்கத்து வூட்டுக்காரன் ஓசில படம் பாக்கறானா?"

அந்த வரியில் இருந்த கருவியின் அடையாள எண் அமலிக்கு மனப்பாடம். போன வருடம் அவளே ரெக்கார்டு நோட்டில் எழுதியது. அக்கா ஜெசிந்தாவின் போன். ஒரே எண் இரண்டு போன்களுக்கு வராது என்று பாடத்தில் இருக்கிறது. அரியூரில் வேலை முடிந்து அக்கா பஸ்ஸை விட்டு இறங்குவதும் ஆறேகாலுக்குத்தான். தவக்காலத்தில் அவளை அடக்கம் செய்தபோது, ஜெபமாலையோடு அந்தப் போனையும் அம்மா பெட்டிக்குள் வைத்தாள்.

சிக்னல் முதலில் தெருமுனை அளவுக்கு மங்கலாக இருந்தது. பிறகு வாசல் அளவுக்கு ஏறியது. கடைசியில், கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போனை வைத்தால் எவ்வளவு காட்டுமோ அவ்வளவில் நின்றது. அம்மா நிமிராமலே முறத்தை நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டாள்.

"பாஸ்வேர்ட மாத்துடி. இல்லன்னா மார்க்கு போயிடும்" என்றாள் புவனா.

அமலி லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"போவட்டும்டி. அக்காவுக்குத் தெரிஞ்ச பாஸ்வேர்டே இருக்கட்டும்."