நடு நாற்காலி

ஜார்ஜ்டவுன் சங்க மண்டப வாசலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. வெள்ளிவிழா மலர் மாலையில் அச்சுக்குப் போக வேண்டும். அட்டைக்குச் செயற்குழுவின் படம் இன்னும் தேறவில்லை. எட்டுப் பேர் வரிசையாக நிற்க, நடு நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்குரிய தலைவர் விநாசித்தம்பி, கழுத்தில் ரோஜா மாலையோடு கேமராவின் பின்னால் குனிந்திருக்கிறார். "ஒருத்தரும் தொடப்படாது. மகன் ஜப்பானில இருந்து அனுப்பின டிஜிட்டல் கேமரா." பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியை நோக்கி ஓடுகிறார். கேமரா தானாகப் படமெடுக்கும் முன் சிவப்பு விளக்கு பத்து விநாடி சிமிட்டுகிறது. இதுவரை நான்கு படங்களிலும் விழுந்திருப்பது அவருடைய முதுகுதான். "வேகமா வாங்க லா, தலைவரே!" என்கிறார் பொருளாளர் பழனியப்பன். வேட்டி தடுக்கி, தலைவர் பாதி வழியிலேயே, படத்தில் விழாத ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். கிளிக். பேட்டரி தீர்ந்து அணையப்போகும் சின்னத் திரையில் காலி நாற்காலியைச் சுற்றி எட்டு மலர்ந்த முகங்கள். "அண்ணே, இதுலதான் எல்லாரும் நல்லா விழுந்திருக்கோம்" என்கிறார் செயலாளர் யோகலட்சுமி. "இதையே அட்டையில போடலாம்னு முன்மொழியிறேன்" என்கிறார் பழனியப்பன். வழிமொழிய ஏழு கைகள் உயர்கின்றன. இருபது வருடம் கூட்டம் நடத்திய வாய், தரையில் உட்கார்ந்தபடியே தானாகக் கேட்டுவிடுகிறது: "ஆட்சேபனை ஆருக்கும் உண்டோ?" ஒருவருக்கும் இல்லை.